வடக்கு எங்கே போகிறது?

போன இதழில் திசைகாட்டி பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் இந்த வாரப் பக்கங்களை முழுசாக விழுங்கிவிட்டன. ஆசிரியர், "சினிமா கேள்வி ஒன்றாவது இருக்கட்டும்" என்றார். இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேனி: பூமிக்குள்ளே ஒரு பெரிய காந்தக் கட்டை படுத்திருப்பது போலப் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்களே, அது உண்மையா?

கோடுகள் உண்மை. கட்டை பொய். இரும்பைச் சுமார் 770 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை போய்விடும். பூமியின் நடுவில் வெப்பம் 5,000 டிகிரிக்கும் மேல். அங்கே எந்தக் கட்டையும் காந்தமாகப் பிழைத்திருக்க முடியாது.

பூமியே ஒரு காந்தம் என்று அடித்துச் சொன்னவர் வில்லியம் கில்பர்ட். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணிக்கு வைத்தியம் பார்த்தவர். காந்தக் கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேல் ஒரு குட்டி ஊசியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மாலுமிகள் சொன்ன மாதிரியே ஊசி அங்கங்கே சாய்ந்தது. 1600ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். பூண்டு தின்றவன் திசைகாட்டி பக்கம் போனால் ஊசி கெட்டுவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. கில்பர்ட் காந்தத்தில் பூண்டைத் தேய்த்தே பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே நீ பூண்டு ரசம் குடித்துவிட்டுத் தாராளமாகக் கப்பலேறலாம்.

மின்வாரிய ஊழியர், ஈரோடு: கட்டை இல்லையென்றால் காந்தப்புலம் எப்படி? டைனமோ என்கிறார்கள். சைக்கிள் டைனமோ மாதிரியா?

சைக்கிள் டைனமோவைப் பிரித்தால் உள்ளே ஒரு நிலைக்காந்தம் இருக்கும். பூமியைப் பிரித்தால் இருக்காது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

நாம் நிற்கும் இடத்திலிருந்து 2,890 கிலோமீட்டர் வரை பாறை. அதற்குக் கீழே உருகிய இரும்பு, கொஞ்சம் நிக்கல், கூடவே சில லேசான தனிமங்கள். இதுதான் வெளிக்கரு. உருகிய இரும்பு என்றதும் கெட்டியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஏறக்குறையத் தண்ணீர் போலவே ஓடும். 5,150 கிலோமீட்டரில் உட்கரு. அது இன்னும் சூடு, ஆனாலும் திடம். மேலிருந்து அழுத்துகிற அழுத்தம் அதை உருக விடுவதில்லை. உள்ளே இப்படியொரு உட்கரு இருப்பதை நிலநடுக்க அலைகளை வைத்து 1936ல் கண்டுபிடித்தவர் இங்கெ லேமன் என்ற டென்மார்க் பெண்மணி.

பூமி மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது. ஆற ஆற வெளிக்கருவின் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து உட்கருவில் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உறையும்போது லேசான தனிமங்களைக் கழற்றி விட்டுவிடுகிறது. அவை மேலே கிளம்புகின்றன. வெப்பமும் மேலே கிளம்புகிறது. ஆக வெளிக்கரு ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அந்த ஓட்டம் நேராகப் போகாமல் திருகிக்கொண்டு போகிறது. வேகம் வினாடிக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத வேலை.

உருகிய இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். கடத்தி ஒன்று காந்தப்புலத்துக்குள் நகர்ந்தால் மின்னோட்டம் வரும், மின்னோட்டம் வந்தால் காந்தப்புலம் வரும். உங்கள் துறைக்காரரிடம் ஃபாரடே பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கத் தேவையில்லை. விஷயம் என்னவென்றால், இப்படிப் பிறந்த காந்தப்புலமே அடுத்த சுற்று மின்னோட்டத்துக்கு மூலதனம். அறுவடையில் ஒரு பங்கை விதைநெல்லாக எடுத்து வைத்து, அதையே மறுபடி விதைக்கிற குடியானவனின் கணக்கு. விதைநெல்லை ஒரு தடவை சமைத்துத் தின்றுவிட்டால் கதை முடிந்தது. ஓட்டம் நின்றால், இருக்கிற காந்தப்புலம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் தேய்ந்துபோகும் என்கிறது கணக்கு. ஆனால் 340 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே காந்தப்புலத்தின் தடம் இருக்கிறது. அத்தனை காலமாக யாரும் விதைநெல்லில் கைவைக்கவில்லை.

கல்லூரி மாணவர், கடலூர்: முதல் விதைநெல் யார் கொடுத்தது?

சூரியக் குடும்பம் பிறக்கும்போதே சுற்றிலும் மெல்லிய காந்தப்புலம் இருந்தது. கடுகளவு போதும், மீதியைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். கைமாற்றாக வாங்கியது, திருப்பிக் கேட்கத்தான் ஆளில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர், கோவை: யாரும் போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்கள். வெறும் ஊகம்தானே?

ஊகமாக ஆரம்பித்ததுதான். உருகிய பொருளின் ஓட்டமே காந்தப்புலத்தை உண்டாக்கலாம் என்று ஜோசப் லார்மர் 1919ல் சொன்னார், சூரியனை மனதில் வைத்துக்கொண்டு. 1930களில் தாமஸ் கௌலிங் ஒரு கணிதக் குண்டைப் போட்டார்: அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும் காந்தப்புலத்தை இப்படிக் காப்பாற்றவே முடியாது. கொஞ்ச நாள் எல்லோரும் சோர்ந்துபோனார்கள். பிறகுதான் உறைத்தது, பூமியின் காந்தப்புலம் எங்கே சீராக இருக்கிறது? கோணல்மாணலாகத்தானே இருக்கிறது. கோணல்தான் அதைக் காப்பாற்றுகிறது.

இடையில் பாட்ரிக் பிளாக்கெட் என்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளருக்கு வேறு யோசனை. சுற்றுகிற எந்தப் பெரிய பொருளும், சும்மா சுற்றுவதாலேயே காந்தமாகிவிடுமோ? சோதிக்க ஒரு தங்க உருளை வேண்டும் என்றார். பூமியோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறதல்லவா, அதன் காந்தத்தை அளந்தால் போதும். பேங்க் ஆஃப் இங்கிலாந்திலிருந்து 15 கிலோவுக்கு மேல் தங்கம் வந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 1,900 பவுன். இரும்பு வாசனையே இல்லாத ஒரு கொட்டகையில் வைத்து அளந்தார். பூஜ்யம். 1952ல் 'என் யோசனை தப்பு' என்று தானே விரிவாக எழுதி வெளியிட்டார். தங்கம் பத்திரமாகத் திரும்பிப் போனது. அதற்காக அவர் வடிவமைத்த நுண்ணிய காந்தமானி வீணாகவில்லை, பாறைகளின் காந்தத்தை அளக்கப் பயன்பட்டு, கண்டங்கள் நகர்ந்ததற்குச் சாட்சி தேடிக் கொடுத்தது. தோற்ற சோதனைக்கு இதைவிட நல்ல வட்டி கிடைக்காது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: 1995ல் கிளாட்ஸ்மையரும் ராபர்ட்ஸும் வெளிக்கருவின் சமன்பாடுகளைக் கணினியில் ஓடவிட்டார்கள். காந்தப்புலம் தானாக நிலைத்து நின்றது, நடுவில் தானாகத் தலைகீழாகவும் திரும்பியது. 1999 கடைசியில் லாட்வியாவின் ரீகாவிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயிலும் உருகிய சோடியத்தைக் குழாய்களில் சுழல விட்டு, காந்தப்புலம் தானே பிறப்பதைக் கண்ணெதிரே காட்டினார்கள். பிரான்ஸின் கடாராஷில் 2007ல் வெளியான சோதனையில் அது திசைகூட மாறியது. அதில் இரும்பு விசிறிகள் இருந்தன, அதனால் சுத்த அசல் இல்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. குறை சொல்லட்டும், விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும்.

சினிமா ரசிகர், திருச்சி: 2003ல் வந்த 'தி கோர்' படத்தில் பூமியின் கரு சுற்றுவது நின்றுபோக, உள்ளே துளைத்துப் போய் அணுகுண்டு வெடித்து மறுபடி சுற்றவைக்கிறார்களே, முடியுமா?

மனிதன் இதுவரை நேர்கீழாகத் தோண்டிய ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது, 12,262 மீட்டர். வெளிக்கருவைத் தொட இன்னும் 2,878 கிலோமீட்டர் பாக்கி. அந்தத் துளையைத் தோண்டவே இருபது வருஷம் ஆனது என்பதையும் தயாரிப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

2023ல் 'உட்கரு நின்றுவிட்டது' என்று ஒரு செய்தி ஓடியது. நிற்கவில்லை. நம் காலடிப் பாறையோடு ஒப்பிட்டால் உட்கரு சில காலம் கொஞ்சம் முந்தும், சில காலம் பிந்தும். இப்போது கூடவே வருகிறது என்று ஒரு ஆய்வு சொன்னது. பக்கத்து ரயில் நம் வேகத்துக்கே வந்தால் நிற்பதாகத் தெரியும் இல்லையா, தலைப்பு எழுதியவர் அந்த ரயிலில்தான் இருந்திருக்கிறார்.

கப்பல் மாலுமி, தூத்துக்குடி: வட காந்தத் துருவம் சைபீரியாவுக்கு ஓடுகிறதாமே?

ஓடுகிறது, ஆனால் ஓட்டத்தைக் குறைத்துவிட்டது. அந்த இடத்தில் முதலில் கால் வைத்தவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், 1831 ஜூன் 1, கனடாவின் வடக்கே பூத்தியா தீபகற்பம். செங்குத்தாகத் தொங்கவிட்ட ஊசி நேராகத் தரையைப் பார்த்தது. 1904ல் ஆமுண்ட்சென் போய்த் தேடியபோது துருவம் சுமார் 50 கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. துருவமே நகரும் என்பதற்கு அதுதான் முதல் நேரடிச் சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு 10, 15 கிலோமீட்டர் என்று நடந்தது. 1990களில் என்ன தோன்றியதோ, 50, 60 கிலோமீட்டராகத் தாவ ஆரம்பித்தது. கனடாவை விட்டு ஆர்க்டிக் கடலில் இறங்கி, புவியியல் வடதுருவத்தின் ஓரமாகப் போய், இப்போது ரஷ்யப் பக்கம் இருக்கிறது. இன்றைய வேகம் ஆண்டுக்கு 35 கிலோமீட்டர் வாக்கில்.

காரணம் கீழே. கனடாவுக்கு அடியிலும் சைபீரியாவுக்கு அடியிலும் வெளிக்கருவின் மேல்விளிம்பில் இரண்டு வலுவான காந்தப் பகுதிகள் இருக்கின்றன. கனடாப் பகுதி நீண்டு மெலிந்தது, துருவத்தை சைபீரியா இழுத்துக்கொண்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் செல்போனுக்கும் பொதுவான 'உலகக் காந்த மாதிரி' என்றொரு கணக்கு உண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். துருவத்தின் வேகத்தால் 2015 கணக்கு பாதியிலேயே பிசகி, அவசரத் திருத்தம் போட வேண்டி வந்தது. அதுவும் 2019 ஜனவரியில் வெளியாகவில்லை. அமெரிக்க அரசு அலுவலகங்கள் பட்ஜெட் தகராறில் பூட்டிக் கிடந்தன. பிப்ரவரியில்தான் வந்தது. துருவம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

இன்னொன்று. உங்கள் திசைகாட்டியின் வடமுனை வடக்கே இழுக்கப்படுகிறது என்றால், எதிர் எதிர்தான் ஈர்க்கும் என்ற விதிப்படி அங்கே இருப்பது காந்தத்தின் தென்முனை. இதை மாலுமிகள் சங்கத்தில் சொன்னால் சண்டை வரும். சொல்லிப் பாருங்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை: அப்படியானால் என் போனில் வடக்கு தப்பாகக் காட்டுமா?

காட்டினால் அதற்குத் துருவம் பொறுப்பல்ல. போனுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் காந்த மூடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் அசல் வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், அதையும் போன் அந்த உலகக் கணக்கைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது.

உண்மையில் பாதிக்கப்படுகிறவர்கள் விமான நிலையத்துப் பெயிண்டர்கள். ஓடுபாதையின் எண் என்பது அது நோக்கும் காந்தத் திசைதான், பத்தால் வகுத்து முழுமையாக்கியது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 07/25 என்றால் ஒரு முனையிலிருந்து சுமார் 70 டிகிரி, மறுமுனையிலிருந்து 250. காந்த வடக்கு நகர நகர ஒரு நாள் எண் மாறிவிடும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட்டில் 2009ல் 05/23 என்பதை அழித்து 04/22 என்று எழுதினார்கள். ஓடுபாதை அங்குலம்கூட அசையவில்லை.

ஆன்மிக வாசகர், மயிலாடுதுறை: உலகக் காந்தப்புலத்தின் மையப்புள்ளி சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாகப் படித்தேன்.

எந்த விஞ்ஞானி என்று செய்தியை அனுப்பியவரைக் கேளுங்கள், பெயர் வராது. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு, அதன்மேல் திசைகாட்டி ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கும். அது பூமியைச் சுற்றி வரும் கோடு. கோட்டுக்கு ஏது மையப்புள்ளி? நம் பக்கத்தில் அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது, சிதம்பரத்திலிருந்து நல்ல தூரம். சிதம்பரத்தில் ஊசி சில டிகிரி சாயவே செய்யும். தவிர அந்தக் கோடும் நகர்கிற கோடு. ஆடுகிறவர் ஆடட்டும், அவருக்கு விஞ்ஞானியின் சிபாரிசுக் கடிதம் எதற்கு?

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: சரி, திருநள்ளாறுக்கு மேலே நாசா செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி ஸ்தம்பிப்பது?

தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நின்றால் விழும். ஏழரை என்ற எண்ணைத் தவிர இதில் சனி பகவானுக்கு வேறு சம்பந்தம் இல்லை.

ஆனால் செயற்கைக்கோள்கள் நிஜமாகவே தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து தென் அட்லாண்டிக் வரை விரிந்த பகுதி. நம் ஊரில் காந்தப்புலத்தின் பலம் சுமார் 40,000 நானோடெஸ்லா, அங்கே மிக மெலிந்த இடத்தில் 22,000 வாக்கில்தான். காவல் குறைந்த இடத்தில் விண்வெளிக் கதிர்வீச்சு தாழ இறங்குகிறது. ஹப்பிள் தொலைநோக்கி அந்தப் பகுதியைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறது, படம் எடுப்பதில்லை. கணினி நினைவகத்தில் ஒன்று பூஜ்யமாகும், பூஜ்யம் ஒன்றாகும். ஐரோப்பியர்கள் 2013ல் ஏவிய 'ஸ்வார்ம்' செயற்கைக்கோள்கள் இந்தப் பலவீனத்தை நாள்தோறும் அளந்துகொண்டிருக்கின்றன. அங்கே வெளிக்கருவின் விளிம்பில் காந்தப்புலம் எதிர்ப்பக்கமாகத் திரும்பிய திட்டுகள் இருக்கின்றன, அதனால்தான் மேலே மெலிவு.

எத்தனை காலமாக இப்படி என்று அறிய உதவியது யார் தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ ஆற்றுப் படுகையில் வாழ்ந்த இரும்புக்கால விவசாயிகள். தீட்டுக் கழிக்கக் குடிசையையும் தானியக் குதிர்களையும் எரித்துவிடுவது அவர்கள் வழக்கம். மண்தரை நன்றாகச் சுட்டு ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையையும் பலத்தையும் அப்படியே பதிவு செய்துகொள்ளும். செங்கல்லும் பானையும் செய்வது அதேதான். சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பும் அந்த வட்டாரத்தில் காந்தப்புலம் தளர்ந்திருந்ததை அந்தத் தரைகள் சொல்லிவிட்டன.

குடும்பத்தலைவி, சேலம்: வடக்கே தலை வைத்துப் படுத்தால் ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் மூளைக்கு இழுக்கும் என்கிறார் என் மாமனார்.

ரத்தத்து இரும்பு ஆணி மாதிரிக் காந்தத்தில் ஒட்டுகிற இரும்பு இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் நம்மைப் படுக்க வைக்கிறார்கள், அது பூமியின் காந்தப்புலத்தைப் போல 37,000 மடங்குக்கு மேல். அதிலிருந்தே எல்லோரும் நல்லபடியாக எழுந்து வந்து பில்லைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். ஆனாலும் மாமனாரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். கட்டிலைத் திருப்புவது வாதத்தைவிடச் சுலபம்.

ஜோதிட ஆர்வலர், தர்மபுரி: செவ்வாய்க்குக் காந்தப்புலம் உண்டா?

இருந்தது. சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் டைனமோ நின்றுபோய், சூரியக் காற்று அதன் காற்றுமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக்கொண்டு போனது. தோஷம் செவ்வாய்க்குத்தான்.

வங்கி அதிகாரி, மதுரை: துருவங்கள் தலைகீழாகப் போகின்றன, உலகம் அழியப் போகிறது என்று யூடியூபில் பார்த்து என் மகன் தூங்க மாட்டேன் என்கிறான்.

மகனிடம் பிரான்ஸில் நடந்த கதையைச் சொல்லுங்கள். பெர்னார் புரூன் என்பவர் மத்திய பிரான்ஸின் போன்ஃபரான் என்ற சிற்றூரில், எரிமலைக் குழம்பு ஓடிச் சுட்டுப்போட்ட களிமண் அடுக்கு ஒன்றை எடுத்துச் சோதித்தார். குழம்பும் களிமண்ணும் இரண்டுமே தெற்கை வடக்கென்று காட்டின. 1906ல் அதை எழுதினார், பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1929ல் ஜப்பானின் மோட்டோனோரி மாட்சுயாமா பல எரிமலைப் பாறைகளை வயது வாரியாக அடுக்கி, பழையவை தலைகீழ், புதியவை நேர் என்று காட்டினார். கடைசியாகத் திரும்பியது சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன். நம் முன்னோர்களான ஆதி மனிதர்கள் அப்போதே நடமாடிக்கொண்டிருந்தார்கள். அழியவில்லை என்பதற்கு உங்கள் மகனே சாட்சி.

கடலடியிலும் இதே கதை எழுதியிருக்கிறது. நடுக்கடல் மலைத்தொடர்களின் இரு பக்கமும் நேர், தலைகீழ், நேர், தலைகீழ் என்று பட்டை பட்டையாகப் பாறை. புதுக் கடல்தரை நடுவில் பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று 1963ல் வைனும் மாத்யூஸும் விளக்கினார்கள். அதே யோசனையை லாரன்ஸ் மார்லி என்ற கனடாக்காரர் அதே ஆண்டு இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினார், இரண்டிலிருந்தும் திரும்பி வந்தது. விருந்தில் அரட்டையடிக்கத் தகுந்த விஷயம் என்று ஒரு மதிப்பீட்டாளர் கருத்து. திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை வைத்திருக்கும் வாசகர்கள் இதை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

'தவணை தாண்டிவிட்டது' என்கிறார்களே, அது சுத்தப் பேத்தல். திரும்புவதற்குத் தவணையே கிடையாது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் திரும்பியதும் உண்டு, டைனோசர்கள் காலத்தில் சுமார் 3 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் திரும்பாமலே கிடந்ததும் உண்டு. திரும்பினாலும் சுவிட்ச் போட்டது போல நடக்காது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இழுக்கும். கடந்த இரு நூற்றாண்டுகளில் காந்தப்புலம் சுமார் 9 சதவீதம் தளர்ந்தது உண்மை. ஆனாலும் இன்றைய பலம், நெடுங்காலச் சராசரியைவிடக் குறைவில்லை. 41,000 ஆண்டுகளுக்கு முன் இதைவிட மோசம். காந்தப்புலம் இன்றைய அளவில் பத்தில் ஒன்றுக்கும் கீழே போய், துருவங்கள் ஊர் சுற்றிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே திரும்பின. அதையும் மனிதர்கள் தாண்டி வந்தார்கள். அன்று அவர்களுக்கு மின்கம்பியும் செயற்கைக்கோளும் இல்லை என்பது நிஜம். பயப்படுவதாக இருந்தால் மின்வாரியம் பயப்படட்டும். மகன் தூங்கட்டும்.

வரலாற்று ஆசிரியை, திருநெல்வேலி: எல்லாம் வெள்ளைக்காரர் கதையாகவே இருக்கிறதே, நம் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லையா?

உங்கள் ஊரிலேயே நடக்கிறது, டீச்சர். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. அந்தக் கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பலத்த மின்னோட்டம் ஓடும். அதை ஆராய ராக்கெட் விட வசதியான இடம் என்றுதான் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21ல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டுக்குப் பின்னால் இருந்தது இந்தக் காந்தக் கோடு.

அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பு, திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவர் ஜான் ஆலன் புரூன் 1850களில் காந்தக் கருவிகளைச் சுமைகாரர்களின் தலையில் ஏற்றி அகத்தியமலை உச்சிக்கே கொண்டுபோய் ஆய்வகம் கட்டினார். கயிலாயத்தில் கல்யாணக் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தபோது, பூமியைச் சமன் செய்ய அகத்தியர் வந்து நின்ற மலை. ஊசியும் அந்த வட்டாரத்தில்தான் ஏறக்குறைய மட்டமாக நிற்கிறது. புரூனுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் மலையேறும் சிரமத்தில் கொஞ்சம் சிரித்திருப்பார்.

பம்பாய் கொலாபா ஆய்வகம் 1841லிருந்து அளந்தது. 1859 செப்டம்பர் 2ல் சரித்திரத்தின் மிகப் பெரிய சூரியப் புயல் பூமியைத் தாக்கியபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் பொறி பறக்க, கொலாபாவில் ஊசி சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது. ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து, கையால் எழுதிய எண்கள். இன்றும் அந்தப் புயலைக் கணக்கிடுகிறவர்கள் அந்தப் பேரேட்டைத்தான் புரட்டுகிறார்கள். பிறகு பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றானது. தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் ஊசியைக் கெடுக்கும். இயக்குநர் நானாபாய் மூஸ், கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாக்கில் காந்தத்தில் ஒட்டாத பொருள்களாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு கட்டடம் எழுப்பி 1904ல் அங்கே மாறினார். இரண்டு ஆண்டுகள் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து, பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒட்டுகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் கொலாபாவை விட்டார். இன்றும் இத்தகைய இடங்களில் அளக்கப் போகிறவர் சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். கோயிலில் செருப்பு மட்டும்தான்.

கடற்கரை நடைப்பயிற்சியாளர், பெசன்ட் நகர்: முட்டையிட வரும் பங்குனி ஆமை வழி கண்டுபிடிப்பது காந்தத்தாலா?

அதன் உறவுக்காரரான பெருந்தலைக் கடலாமை விஷயத்தில் அமெரிக்காவில் கென்னத் லோமன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். பிறந்த கரையின் காந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்புகிறது. ஃபுளோரிடாவில் காந்தப்புலம் மெல்ல நகர்ந்தபோது ஆமைகள் முட்டையிடும் இடங்களும் கூடவே நகர்ந்தன என்று 2015ல் எழுதினார்கள். நம்மில் பலர் சொந்த ஊருக்கு கூகுள் மேப் போட்டுப் போகிறோம்.

மருமகன், விருதுநகர்: காந்தப் படுக்கை என்று ஒன்றை ஒரு லட்சம் ரூபாய்க்கு மாமியார் வீட்டில் வாங்கச் சொல்கிறார்கள். மூட்டுவலி, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் போகுமாம். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷனும் உண்டாம். வாங்கலாமா?

இரும்புக் கட்டிலாக இருந்தால் மெத்தை நழுவாமல் ஒட்டிக்கொள்ளும். வேறு பலன் எனக்குத் தெரிந்து அந்த மூன்று பேரைச் சேர்த்துவிட்டவருக்குத்தான்.